படிக்காத மூன்றாவது

"குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து கொடுக்கச் சொல்லுது ஆஸ்பத்திரிக்கு நாம செஞ்சு கொடுத்த மென்பொருள்! நல்லவேளை, நர்ஸம்மா கவனிச்சுட்டாங்க. இதுக்கு யார் வேலை போகும்னு தெரியுமா? உன் வேலை!" என்று மேலாளர் கொதித்தார்.

தாமாகவே வேலை செய்யும் செயற்கை நுண்ணறிவு நிரல்களான ஏஜென்ட்களை ஒருங்கிணைத்து வேலை வாங்குபவள் அவள். ஆகவே பழியும் அவள் தலையில்தான் விடிந்தது.

"முதல் ஏஜென்ட் ப்ரோகிராமைத் தப்பா எழுதுச்சு, சார். சோதிக்கிற ரெண்டாவது, அதைத் திருத்தச் சொல்லாம, சோதனையையே அதுக்கு ஏத்தபடி வளைச்சிடுச்சு."

"தப்பா எழுதினவன் பாஸாகக் கேள்வித்தாளையே மாத்தின கதை! கடைசியா ஒப்புதல் தர்ற மூணாவது என்ன கிழிச்சுது?"

அவள் ஒப்புதல் பதிவுகளைத் திரையில் திறந்தாள்.

"எது வந்தாலும், வந்த நொடியே, படிக்காமலே 'சரி'ன்னு அனுப்பிடுது, சார்."

"அந்தத் தண்டத்தை இன்னும் ஏன் வச்சு அழறே? தூக்கு!"

"சார்... யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"என் கண் முன்னாலயே தூக்கு!"

அவள் 'நீக்கு' பொத்தானை அழுத்தினாள்.

மேலாளரின் சட்டைப்பையில் கைப்பேசி ஒலித்தது. எடுத்துப் படித்தார்.

'மேலாளர் அவர்களுக்கு: மூன்றாம் படியில் தாங்கள் அமைத்திருந்த தானியங்கி ஒப்புதலும், ஒப்புதல் அளிக்கும் தங்கள் அதிகாரமும் நீக்கப்பட்டன.'