தூளிக் கயிற்றில் ஒரு சொட்டு

உத்தரத்தில் கட்டிய தூளிக் கயிறுதான் அந்தப் பிள்ளையார் எறும்பு வீட்டுக்குப் போகும் சாலை. அன்று மத்தியானம் பாதி தூரத்தில் சாலை காணாமல் போய்விட்டது. முன்னால் போன எறும்புகள் விட்டுப்போன வாசனை இல்லை. எங்கே முகர்ந்தாலும் பூ மணம்.

"என்னடி, திருதிருன்னு முழிக்கிறே?" அலமாரியில் மூடி திறந்து நின்ற லாவண்டர் எண்ணெய்க் குப்பி கேட்டது.

"என் வழி மேல யாரோ எதையோ தடவிட்டாங்க அக்கா."

"நான்தான் அது! பிள்ளை தூங்கணும்னு அம்மா தூளியிலயும் கயித்துலயும் தடவினா. எப்படி மணக்கிறேன் பாரு!"

ஆனால் பிள்ளை தூங்கவில்லை. மூன்று மாதக் குழந்தை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, துணியில் மூக்கைத் தேய்த்து வீறிட்டது. எறும்பு எட்டிப் பார்த்தது. தானும் இவ்வளவு நேரம் அப்படித்தானே தலையை ஆட்டிக்கொண்டிருந்தோம்!

"அக்கா, இதுவும் எதையோ தேடுது. நேத்து இந்தத் துணியில என்ன வாசனை இருந்துச்சு?"

"அவ உடுத்திப்போட்ட புடவைதானே? வேர்வையும் பாலும். சீ!"

அதற்குள் அம்மா ஓடிவந்து, பிள்ளையை வாரித் தோளில் போட்டாள். அவள் கழுத்தில் மூக்கு பட்டதும் அழுகை நின்றது.

"அவ என்னைத் தொட்டுக்கூடப் பூசிக்கலையே! எப்படி அடங்குச்சு?" என்றது குப்பி.

"அதுக்கு வழி கிடைச்சிருச்சு" என்றது எறும்பு. "நீ கொஞ்சம் மூடிக்கோ அக்கா. நானும் வீட்டுக்குப் போகணும்."