வேறு ஆடு

“செங்கோட்டையா, இது நம்ம ஆடு இல்லை.”

இந்த மூன்று வருஷத்தில் டாக்டர் சௌந்திரம் அட்டெண்டர் செங்கோட்டையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. வயதில் மூத்தவர் என்று எப்போதும் “ஏனுங்க” என்றுதான் அழைப்பாள்.

“நம்ம ஆடுதானுங்க அம்மிணி,” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

சேலத்திலிருந்து மேச்சேரி போகும் சாலையில், ஓர் ஓட்டுக் கட்டடத்தில் இருந்தது அந்த ரத்தச் சோதனைச்சாலை. பின்னால் ஒரு பட்டி. பட்டியில் ஒரே ஒரு செம்மறி.

திங்களும் வியாழனும் அதன் கழுத்திலிருந்து அளந்து ரத்தம் எடுப்பார்கள். போன ரத்தத்துக்கு ஈடாக எலும்புக்குள் புது அணுக்கள் எத்தனை வேகமாகப் பிறக்கின்றன என்பதுதான் சௌந்திரத்தின் ஆராய்ச்சி. அப்போதுதான் பிறந்த சிவப்பணுவுக்கு நீலச் சாயம் ஏற்றினால் உள்ளே நூல் சிக்கு மாதிரி தெரியும். அவற்றை எண்ணுவாள். பதினொரு மாதமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒரே ஆட்டில் பன்னிரண்டு மாதம் விடாமல் எண்ணிய அட்டவணையை அனுப்பினால், சென்னையில் ஆராய்ச்சிக்கு இடம் தருவதாகக் கடிதம் வந்திருந்தது. 1938-ல் ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு கடிதம் இரண்டாம் தடவை வராது.

நடுவில் அவளுடைய அம்மா போய்விட்டாள்.

பதினாறு நாள் நாமக்கல்லில் இருந்தாள். ரத்தம் அளையும் கை என்று அண்ணிமார் அவளுக்கு மட்டும் இலையைத் தள்ளிப் போட்டார்கள். காரியம் முடிந்ததும் பெரியண்ணன் வெள்ளியங்கிரி, “பஸ் எத்தனை மணிக்கு அம்மிணி?” என்று கேட்டார். இருந்துவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை.

நேற்றுப் பொழுது சாயும்போது திரும்பி வந்தாள். அவள் இல்லாத நாட்களில் ரத்தம் எடுத்துச் சாயம் ஏற்றி வைக்கும் பொறுப்பு செங்கோட்டையனுடையது. முதல் வாரத்துக் கண்ணாடித் தகடுகள் ஒழுங்காக இருந்தன. அதற்குப் பிறகு எடுத்தவை கைதவறி உடைந்துவிட்டன என்று இன்று காலை சொன்னார். பிறகு “நீங்க உக்காருங்க, நான் எடுத்துட்டு வாரேன்” என்று அவரேதான் ரத்தம் கொண்டுவந்தார்.

மைக்ராஸ்கோப்பில் ஆயிரம் அணு எண்ணினாள். நூல் சிக்கு ஒன்றுகூட இல்லை. ரத்தமே கொடுத்தறியாத ஆட்டின் ரத்தம் அது.

எழுந்து பட்டிக்குப் போனாள்; செங்கோட்டையனும் பின்னாலேயே வந்தார். அதே செம்பழுப்பு நிறம், அதே உயரம். கழுத்து மயிரை விலக்கிப் பார்த்தாள். இன்று காலை குத்திய ஒன்றைத் தவிர ஓர் ஊசித் தழும்புகூட இல்லை.

கூட்டிப் பெருக்க வந்திருந்த பெருமாயி விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“நான் சொன்னா நல்லாருக்காதுங்க. நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப மாரியாத்தா நோம்பிக்கு இவரு ஊட்டுல கறி வாசம் தெருவையே தூக்குச்சு. என்னங்கன்னு கேட்டா, மாப்பிள்ளை வந்திருக்காருங்கறாரு. மாப்பிள்ளை எப்ப வந்தாரோ, எப்படிப் போனாரோ, ஆரு கண்டா?”

செங்கோட்டையன் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“வெட்டித் தின்னுட்டயா?” என்று கேட்டாள் சௌந்திரம்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு மெல்லச் சொன்னார். அவள் ஊருக்குப் போன எட்டாம் நாள் ஆட்டுக்கு வயிறு ஊதிவிட்டதாம். இரண்டு நாள் மடியில் போட்டுக்கொண்டு கஷாயம் ஊற்றியும் தங்கவில்லையாம். வேலியோரம் புதைத்திருக்கிறாராம். வேண்டுமானால் தோண்டிக் காட்டுகிறேன் என்றார். சாவு வீட்டுக்கு இதையும் ஒரு கடுதாசியாகப் போடவேண்டாமே என்று விட்டுவிட்டாராம். அவள் வந்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க ஓர் ஆடு வேண்டுமே என்று மேச்சேரிச் சந்தையில் இதைப் பிடித்துவந்தாராம்.

“அதெல்லாம் சரி. நேத்து நான் வந்தாச்சில்ல? வந்ததும் சொல்லியிருக்கலாமில்ல?”

அவர் ஆட்டின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

“தகடு உடைஞ்சு போச்சுன்னு காலையில பொய் சொன்னியே, அது எதுக்கு? நான் கவனிக்காம இந்தக் கணக்கை எழுதி அனுப்பியிருந்தா, பொய் எழுதினவள்னு என்னைத்தானே சொல்லுவாங்க?”

“கணக்கெல்லாம் எனக்கு என்னங்க தெரியும்.”

“ரத்தம் பொய் சொல்லாது. மனுசந்தான் சொல்லுவான்.” பதினொரு மாதமும் அந்த ஒரே காலையில் வீணாகியிருந்தது. “நாளையிலிருந்து நீ வர வேண்டாம்.”

“சரிங்க.”

சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து அவிழ்த்துப் பட்டிச் சுவர்மேல் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். பட்டி வாசல்வரை போனவர் நின்று, பெருமாயியைப் பார்த்து, “நீ போயி முன்பக்கம் கூட்டு தாயி,” என்றார்.

அவள் முகத்தைக் கோணிக்கொண்டு போனாள். விளக்குமாற்றுச் சத்தம் முன்பக்கம் கேட்கிறவரை காத்திருந்தார். பிறகு, சௌந்திரத்தின் முகத்தைப் பார்க்காமல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்:

“சொல்லத்தானுங்க நேத்து உங்க பின்னாலயே பட்டிக்கு வந்தேன், அம்மிணி. அதுக்குள்ள நீங்க இதோட கழுத்தைக் கட்டிக்கிட்டு, ‘எனக்குன்னு இனி நீ ஒருத்திதான் கண்ணு’ன்னு அழுதுட்டு இருந்தீங்க.”