ஒரே பெட்டி

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்ட மகளைப் பஞ்சில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள் செலின். அம்பத்தூரின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரே ஒரு கண்ணாடிப் பெட்டிதான். அதில் ஓர் ஆண் குழந்தை இருந்தது.

"பெட்டி எப்போ சிஸ்டர் காலியாவும்?" கேட்டதுமே நாக்கைக் கடித்துக்கொண்டான், தொழிற்பேட்டையில் லேத் மெஷின் ஓட்டும் அவள் புருஷன் பாஸ்கல்.

"உள்ள இருக்கிற குழந்தை தேறணுமேப்பா."

"எம் பொண்ணு ஒடம்பு சில்லுனு ஆயிக்கினே கீது சிஸ்டர்."

மூன்றாம் நாள் மத்தியானம் நர்ஸ் ஓடிவந்தாள். "பெட்டி காலியாயிடுச்சு. பாப்பாவைக் குடுங்க."

செலின் கொடுக்கவில்லை, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பாஸ்கல்தான் மகளைப் பிரித்தெடுத்து நீட்டினான்.

வெறுமையான அவன் கைகளில், மகளோடு இரட்டையாய், அவளுக்குப் பத்து நிமிஷம் முன்னால் பிறந்த மகனை வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தார்கள்.