தொடக்கூடாத போர்ட்

"கைப்பட்டி போடாமத் தொட்டீங்களா?"

மையத்து வீட்டில் துக்கம் விசாரிப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள் ஷிம்னா.

திலக்ஷன் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான். அவன் விரல் நுனியில் அந்த 'டிக்' இன்னும் இருந்தது.

குற்றம் மீன் அடைத்த ஒரு மாலு பாணில் தொடங்கியது. வெள்ளவத்தையில் அவர்கள் வேலை செய்யும் ஸீனத் மேடத்தின் சவுண்ட் செட் திருத்தும் கடையில், சோதனை அறைக்குள் எதுவும் தின்னக்கூடாது. மேசையில் இரண்டு மைக் போர்டுகள் கிடந்தன. பாணை வைக்க இடமில்லாமல் ஒன்றைச் சற்றே தள்ளினான். காலடியில் கம்பளம், உடம்பில் நைலோன் சட்டை, ஏசி காயவைத்த காற்று. விரலிலிருந்து நீலமாய் ஒரு பொறி பாய்ந்தது.

மைக்கிலிருந்து வரும் மின்சாரம் எறும்பின் மூச்சு மாதிரி. அதற்கென்றே பிறந்த சிப்புக்கு மனிதன் உடம்பில் சேர்கிற மின்சாரம் இடி. அதனால்தான் அந்தக் கடையில், எர்த் வயர் பூட்டிய பட்டியைக் கையில் கட்டாமல் யாரும் போர்டைத் தொடுவதில்லை.

"எதைத் தொட்டீங்க? டயோட் போட்டதையா, போடாததையா?"

"போடாதத."

ஷிம்னா கண்ணை மூடிக்கொண்டாள். டயோட் இருந்தால் பொறியை வாசலிலேயே பிடித்து எர்த்துக்கு அனுப்பிவிடும். இல்லாவிட்டால் புகையுமில்லை, மணமுமில்லை; சிப் சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்துவிடும்.

அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையிலிருந்து மீரா சாஹிப் ஹாஜியார் வருகிறார். அவருடைய கல்யாண மண்டபங்களில் உள்ள மிக்சர்களுக்கெல்லாம் டயோட் போடும் வேலை கிடைக்குமா என்பது இந்த இரண்டு போர்டுகளின் கையில். எப்படிக் காட்டப்போகிறாள் என்பதை மேடம் ஒருவருக்கும் சொல்லவில்லை. காலையில் போனில் ஒரே உத்தரவுதான்: மேசையில் இருப்பதை ஒருத்தரும் தொடவேண்டாம்.

திலக்ஷன் மைக்கைப் பூட்டிப் பார்த்தான். டயோட் போட்ட போர்ட் கணீரென்று பேசியது. மற்றது ஊமை. ஏசிக்குள்ளேயே அவனுக்கு முதுகு நனைந்தது.

"மேடத்திட்ட சொல்லிடுங்க," என்றாள் ஷிம்னா.

"இராமரும் சொன்னவர்தானே."

இதே மாதிரி ஒரு பொறியை ஒப்புக்கொண்ட பழைய மெக்கானிக் இராமர் அன்றைக்கே வேலை போய் வீட்டுக்குப் போனார். இப்போது பேலியகொடை மார்க்கெட்டில் மீன் பெட்டி தூக்குகிறார். அங்கே அவர் எதை வேண்டுமானாலும் தொடலாம்.

ஷிம்னா வாசலில் காவல் நின்றாள். திலக்ஷன் செருப்பைக் கழற்றினான், பட்டியைக் கட்டினான், அது எர்த்தில் பூட்டியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தான், பிறகும் இழுத்துப் பார்த்தான். சொக்கெட்டிலிருந்து பழைய சிப்பைக் கிளப்பினான். அலமாரியிலிருந்து எடுத்த புதியதின் எட்டுக் கால்களையும் துளைகளுக்கு நேரே பிடித்தான். அமர்த்தினான். மைக்கைப் பூட்டி, ஒரு சொல் சொன்னான்.

"ஹலோ."

ஸ்பீக்கரும் "ஹலோ" என்றது. அழுகை வந்தது அவனுக்கு. போர்டைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தான். செத்த சிப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டான். மாலு பாணைக் காக்கைக்குப் போட்டான்.

கொஞ்ச நேரத்தில் மேடம் வந்தாள், பின்னால் ஹாஜியார். மேடத்தின் கண் மேசையில் ஓடியது. போர்ட் அரை விரல்கூட நகரவில்லையே? மேடம் திருப்தியாகத் தலையாட்டினாள். திலக்ஷனுக்கு உயிர் வந்தது.

முதலில் கம்பளத்தில் காலைத் தேய்த்து, டயோட் போட்டதில் தன் கையாலேயே பொறி அடித்தாள் மேடம். பிறகு மைக்கில் பேசினாள். கணீர். ஹாஜியார் தாடியைத் தடவினார்.

"மத்தது?"

"அதுக்கு டயோட் இல்ல, ஹாஜியார். நேத்து இவங்க போன பொறகு இதே மாதிரி ஒரே ஒரு பொறிதான் அடிச்சேன், சிப் மௌத்தாப் போச்சு, உசிரே இல்ல. உங்களுக்குக் காட்டத்தான் அப்படியே வச்சிருக்கேன்."

திலக்ஷனின் பைக்குள் அந்தச் சிப் தொடையில் குத்தியது. மேடம் மைக்கை மற்றப் போர்டுக்கு மாற்றி, வாயருகே பிடித்தாள்.

"பாருங்க, ஒரு சத்தமும் வராது."

"ஒரு சத்தமும் வராது," என்று ஸ்பீக்கர் வெளியே இரையும் காலி வீதிக்கே கேட்கச் சொன்னது.