ஒரே ஒரு இலை

"சிவப்புக்கு எதிர் நிறம்?"

"பச்சை. எட்டு வருஷமா ஓவிய வாத்தியாரா இருக்கிறவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

"தற்காலிக வாத்தியார்தானே?" மனைவி புத்தகத்தை மூடினாள். "இன்னிக்குத் தேறி ஆசிரியர் சான்றிதழ் வாங்கலேன்னா அந்த வேலையும் போயிடுங்க. இந்தாங்க, வண்ணப் பெட்டி. புட்டியெல்லாம் ஒரே பிசுபிசுப்பு. வெந்நீர்ல ஊறவெச்சுக் கழுவிட்டேன்."

தேர்வு அறையில் அதிகாரி அம்மாள் கேட்டார். "ஒரு குழந்தை வானத்துக்குக் கறுப்பு அடிக்குது. என்ன செய்வீங்க?"

"திட்ட மாட்டேன் மேடம். ஏன்னு கேப்பேன். அது கண்ணுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கலாம்."

"பிரமாதம்! எழுத்துத் தேர்விலும் நீங்கதான் முதல். இனி செய்முறை மட்டும்தான். ஒரே ஒரு இலை வரைஞ்சு வண்ணம் தீட்டுங்க, போதும்."

வாத்தியார் பெட்டியைத் திறந்தார். பன்னிரண்டு புட்டிகளும் பளபளத்தன. ஒன்றில்கூட நிறத்தின் பெயர் எழுதிய சீட்டு இல்லை.

"மேடம், வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கலாமா?"

"ஒரு இலைக்கு எதுக்கு சார் போன்?"

ஒவ்வொரு மூடியாகத் திறந்து பார்த்தார், மூடினார். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு புட்டியில் தூரிகையைத் தோய்த்தார்.

அம்மாள் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "நரம்பு, நுனி எல்லாம் நிஜ இலை மாதிரியே இருக்கு. ஆனா இலை ஏன் சார் சிவப்பா இருக்கு?"

அது சிவப்பு என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.