எதிர்வீட்டு மேசை

"ஒரு மணி நேரம்தான் மாமா. நாலு கட்டில் சட்டம். மேசையில வச்சு இறுக்கி, அங்கங்க புள்ளி வெல்டு வச்சு எடுத்துட்டுப் போயிடறேன்."

"என் மேசையை நான் யாருக்கும் தர்றதில்லை," என்றார் எதிர்வீட்டு வெல்டிங் கடைக்காரர் கபாசோ. "வேணும்னா நீயே ஒண்ணு செஞ்சுக்க."

கடையில் நின்றிருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டு வந்த நாமுகோலோ தெருவைக் கடந்து வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

கபாசோவின் வெல்டிங் மேசை சுரங்கத்திலிருந்து வந்தது. ஒரு அங்குல கனத் தகடு. செம்புச் சுரங்க ஊரான கிட்வேயில் அந்தப் பக்கத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. எப்போதும் அதைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பார்.

நாமுகோலோவும் சுரங்கப் பட்டறையில் ஒன்பது வருஷம் வெல்டராக இருந்தவள்தான். ஆட்குறைப்பில் வேலை போனதும் வீட்டுக் கொல்லையில் தொழில் ஆரம்பித்தாள். தரையில் போட்டு ஒட்டிய முதல் கட்டில்கள் ஆடின. வாங்கிய விடுதிக்காரர் கால்களுக்கு அடியில் அட்டையை மடித்துச் சொருகிவிட்டு, தங்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இன்னொரு தடவை ஆடினால் தொழிலை மூட வேண்டியதுதான்.

"குடுத்தா இரும்பு தேய்ஞ்சா போயிடும்?" என்றான் அவள் கணவன் லுபாசி. மினிபஸ் ஓட்டுகிறவன்.

"விடு. நானே செஞ்சுக்கறேன்."

முழுத் தகடு வாங்கக் கட்டுப்படியாகாது. பழைய இரும்புக் கடையில் எட்டு தடித்த பட்டைகள் கிடைத்தன. லுபாசி பஸ் கூரையில் கட்டிக்கொண்டு வந்தான். அவற்றை இரண்டு விரல் இடைவெளி விட்டு வரிசையாகப் போட்டு ஒட்டினாள். இரும்பை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் அந்த இடைவெளியில் நுழையும். கால்களுக்குப் பழைய பைப். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு பெரிய போல்ட். திருகினால் ஏறும், இறங்கும்.

ஒட்டி முடித்த அன்றே நீளமான ஸ்டீல் ஸ்கேலோடு கபாசோ வந்து நின்றார்.

"நான் கூப்பிடலையே மாமா."

"இந்தப் பக்கமா வந்தேன்."

ஸ்கேலை மேசை மேல் நிறுத்தி, குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார்.

"மூணாவது பட்டை தூக்குது."

"எவ்வளவு?"

"முடி அளவு."

"முடிதானே."

"கட்டில் நீளத்துக்குப் போறப்ப அது விரலாயிடும்."

தள்ளுவண்டிக்குச் சக்கரம் மாற்ற வந்திருந்த ஒரு பெண், "அப்புறமா வர்றேன்" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

நாமுகோலோ எட்டு பட்டைகளையும் அறுத்தெடுத்தாள். மேசையின் அடிச்சட்டத்தை மறுபடி ஒட்டி, பட்டைகளை அதன்மேல் வைத்தாள்.

நாலு நாள் கழித்து கபாசோ திரும்ப வந்தார்.

"அடிச்சட்டம் முறுக்கிக்கிச்சு. ஒரே பக்கமா ஒட்டிக்கிட்டே போயிருக்க. சூடு இழுத்துடுச்சு."

"ஒன்பது வருஷம் ஒட்டியிருக்கேன் மாமா."

"ஒட்டத் தெரியும், இல்லேங்கல. ஆனா அங்க உனக்கு மேசையை வேற யாரோ போட்டு வச்சிருந்தாங்க."

அவள் குனிந்து சட்டத்தின் ஒட்டுகளைப் பார்த்தாள்.

அன்று சாப்பிடும்போது லுபாசி, "எதிர்லயே போட்டிக்கு ஆள் வந்துடுச்சேன்னு பயம் அந்தாளுக்கு. உன்னை ஒரு கட்டில்கூட விக்க விடமாட்டான்," என்றான்.

"எனக்கும் அப்படித்தான் தோணுது," என்றாள். ஆனாலும் மறுநாள் சட்டத்தைப் பிரித்தாள்.

இந்த முறை இந்த மூலையில் கொஞ்சம், எதிர் மூலையில் கொஞ்சம் என்று ஆறவிட்டு ஆறவிட்டு ஒட்டினாள். பட்டைகளை ஒட்டாமல் போல்ட் போட்டு முடுக்கினாள். தாழ்ந்த இடங்களில் பீர் டின்னைக் கத்தரித்து அடியில் வைத்தாள். மூலைக்கு மூலை நூல் பிடித்தாள்.

சனிக்கிழமை கபாசோ வந்தார். லுபாசி கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றான்.

நீளவாட்டில் வைத்துப் பார்த்தார். குறுக்கே வைத்தார். இரண்டு மூலைவாட்டிலும் வைத்தார். தரையில் மண்டி போட்டு அடியிலும் பார்த்தார். பிறகு ஸ்கேலைச் சட்டையில் துடைத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

"நல்லாயிருக்குன்னு சொன்னா வாய் வலிக்குமா?" என்றான் லுபாசி, அவர் காதில் விழும்படியாகவே.

நாலு கட்டில்களும் அந்த மேசையில்தான் முடிந்தன. எதுவும் ஆடவில்லை. ஆனால் அதன்பிறகு ஒரு வாரம் ஒருவரும் வரவில்லை.

அடுத்த திங்கட்கிழமை மிஷன் ஆஸ்பத்திரி ஜீப் வந்து கபாசோ கடை முன்னால் நின்றது. புதிதாக வந்திருந்த சிஸ்டர் எமரென்சியா உள்ளே போனார். வெகுநேரம் ஆயிற்று. வெளியே வந்தவர் ஜீப்பில் ஏறாமல் தெருவைக் கடந்து நேராக நாமுகோலோவிடம் வந்தார்.

"நாப்பது கட்டில் வேணும்மா. ஆபரேஷன் ஆனவங்க படுக்கறது. ஆடவே கூடாது."

நாமுகோலோவுக்குக் கையை எதில் துடைப்பதென்று தெரியவில்லை.

"சிஸ்டர், ஊர்ல எல்லாரும் கபாசோ கடையைத்தானே சொல்லுவாங்க?"

"எனக்கும் அதைத்தான் சொன்னாங்க. அங்கதான் போனேன்."

"விலையைக் கூடச் சொல்லியிருப்பார்," என்றான் லுபாசி.

"விலை பேசவே இல்லையேப்பா. 'நாலு வருஷம் முன்னாடி லாரி இஞ்சின் விழுந்து என் மேசை கோணிப்போச்சு சிஸ்டர், இதுல செஞ்சா கட்டில் ஆடும், இதுவரைக்கும் வெளியில ஒருத்தர்கிட்டயும் நான் சொன்னதில்லை. எதிர்த்தாப்புல ஒரு பொண்ணு இருக்கா, அவ மேசையை மூணு தடவை நானே போய்ப் பாத்துட்டேன், நம்பிக் குடுங்க'ன்னார்."