ஏசி தண்ணீர்

ஏசியிலிருந்து சூடான காற்று வந்ததும் காரை ஓட்டிக்கொண்டிருந்த இவர், இஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தார். அது சிவப்புக் கோட்டைத் தொட்டிருந்தது.

உடனே ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டார். இஞ்சினின் சூட்டைக் கொஞ்சமாவது அது வெளியே இழுக்குமாம். நட்ட நடு மதியத்தில் எங்கள் இருவர் முகத்திலும் அனல் அடித்தது.

கூடவே அந்த வாசனையும் அடித்தது. சர்க்கரைப் பாகு கருகுவது போல, குமட்டும் இனிப்பு.

வண்டியில் ஏறியதிலிருந்தே எனக்கு அது லேசாக வந்துகொண்டுதான் இருந்தது. இவர் முதலில் சொல்லட்டும் என்று உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இருபது வருட மெக்கானிக். பட்டறையில் இவருக்கு 'மூக்கு' என்றுதான் பெயர். வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே இஞ்சினைக் குளிர்விக்கிற, இனிப்பாக நெடியடிக்கிற கூலன்ட் ஒழுகுகிறதா, கிளட்ச் கருகுகிறதா என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கோடு குப்பை கொட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. பக்கத்து வீட்டில் பால் தீய்ந்தாலும் நான்தான் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும்.

போன வருடம் ஒருநாள், பட்டறையில் ஒயர் கருகி எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியபோது, இவர் மட்டும் என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

அப்புறம்தான் ஸ்கேன், நெற்றிக்குப் பின்னால் கட்டி, ஒன்பது மணி நேர ஆபரேஷன் எல்லாம். பிழைத்தார். வாசனையும் திரும்பி வந்தது. அது மறுபடி போனால் கட்டி மறுபடி வளர்கிறது என்று அர்த்தம் என டாக்டர் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டே சொன்னார்.

இப்போதும் அவரிடம்தான் போய்க்கொண்டிருக்கிறோம். ஒரு வருடப் பரிசோதனை.

வண்டியை ஓரம் கட்டி பானெட்டைத் திறந்தார். ஃபேன் சுற்றியது, பெல்ட் நன்றாக இருந்தது. இஞ்சினை நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்து ரேடியேட்டர் மூடியைத் திருகினார். கூலன்ட் பாதிக்கு மேல் காணோம். குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். ஒரு சொட்டு ஈரம் இல்லை.

பிறகு என் பக்கக் கதவைத் திறந்து, காலடியில் கிடந்த கால்மிதியைத் தூக்கினார். அதற்கு அடியிலிருந்த கறுப்பு விரிப்பு ஊறிக்கிடந்தது.

அதை விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏசி தண்ணிதான். தண்ணி வெளிய போற குழாய் அடைச்சிருக்கும், பயப்படாத."

அந்த இனிப்பு நெடியில் எனக்குத் தொண்டை எரிந்துகொண்டிருந்தது.

பழக்கதோஷத்தில் இரண்டு விரல்களையும் சேர்த்துத் தேய்த்தார். அப்படியே நின்றுவிட்டார். தண்ணீர் வழுக்காது, கூலன்ட்தான் வழுக்கும். பட்டறைக்குச் சாப்பாடு கொண்டுபோகிற எனக்கே அது தெரியும்.

மறுபடி தேய்த்தார். மறுபடி முகர்ந்தார், இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு, ரொம்ப நேரம்.

"உனக்கு ஏதாவது வாசனை வருதா?" என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"இல்லங்க. எனக்கும் ஒண்ணும் வரல."

சரி என்று தலையாட்டினார். டிக்கியிலிருந்து டூல் பெட்டியையும் தண்ணீர்க் கேனையும் எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். நானும் இறங்கிப் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

இஞ்சினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் குழாய்கள் இரண்டையும் கழற்றினார். நடுவில் ஒரு துண்டுக் குழாயைச் செருகி இரண்டையும் ஒன்றாக இணைத்து, கிளிப் போட்டு இறுக்கினார்.

ஹீட்டருக்குள் கூலன்ட் ஒழுகுகிற வண்டிக்குச் செய்கிற வேலை அது. ஏசி தண்ணீருக்கு யாரும் அதைச் செய்வதில்லை.